குப்பை சேராத கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் சிவாஜிநகரின் நிறமே மாறிவிடும்.

ரசல் மார்க்கெட் பக்கம் கடை கடையாக நட்சத்திரங்கள் தொங்கும். பச்சை பிளாஸ்டிக் மரங்கள் வரிசையாக நிற்கும். மாதா கோவிலுக்குப் போய்த் திரும்பும் குழந்தைகள் அந்தக் கடைகளைத் தாண்டி நகர மாட்டார்கள்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் தனியார் கம்பெனியில் குமாஸ்தா. மனைவி வீட்டில் இருந்தபடியே துணி தைக்கிறார். இரண்டு குழந்தைகள். லிங்கராஜபுரத்தில் ஓர் அறையும் சமையல் கட்டும் உள்ள வாடகை வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"பக்கத்து வீட்டிலே மரம் வாங்கிட்டாங்கம்மா. நாமளும் வாங்கணும்" என்கிறாள் மகள்.

மரம், அதில் தொங்கவிட உருண்டைகள், ஜிகினா சரம், தெர்மாகோல் குடில், மினுக்கி மினுக்கி எரியும் விளக்கு என்று கணக்குப் போட்டால், பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டும்.

வாங்காவிட்டால் பிள்ளையின் முகம் வாடும். "இவர்களுக்கு முடியவில்லை போலிருக்கிறது" என்று அக்கம்பக்கத்தார் நினைப்பார்களே என்ற கூச்சம் வேறு.

இந்தக் கூச்சத்தில் வாங்கிய பொருள்கள்தான் பல வீடுகளில் ஜனவரி மாதம் குப்பையாகத் தெருவுக்கு வருகின்றன.

கையைக் கிழிக்கும் உருண்டை

ஜனவரி 6-ந்தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அலங்காரத்தை இறக்குவார்கள். தெர்மாகோல் உடைந்திருக்கும். விளக்குச் சரத்தில் பாதி எரியாது. ஜிகினா உதிர்ந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து வாசலில் வைப்பார்கள்.

காலையில் குப்பை ஆட்டோ வரும். அதில் வரும் தொழிலாளி அந்தப் பையை அவிழ்த்துக் கையால் பிரிப்பார். உடைந்த கண்ணாடி உருண்டை அவர் கையைத்தான் கிழிக்கும்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்தக் கையின் வலி தெரியாமல் இருக்காது.

மண்டூர் சொல்லும் பாடம்

பெங்களூரின் குப்பை பல ஆண்டுகள் நகரத்துக்கு வெளியே உள்ள மண்டூர் கிராமத்தில் கொட்டப்பட்டது. அங்கே குப்பை மலையாகக் குவிந்தது. நாற்றமும் ஈயும் தாங்காமல் கிராம மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2014-ம் ஆண்டு டிசம்பரில்தான் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டது.

அதன் பிறகுதான் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற பேச்சு பலமானது. மக்கும் குப்பைக்கு பச்சைக் கூடை, கழிவுக்கு சிவப்புக் கூடை, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை என்ற முறை வந்தது.

கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பல இந்த மூன்றில் எதிலும் சரியாகச் சேர்வதில்லை. ஜிகினா ஒட்டிய காகிதம் மக்காது. அதை மறுபடியும் காகிதமாக்குவதும் கடினம். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அதனால் பழைய பொருள் வாங்குவோர் அதைச் சீண்டுவதில்லை.

சட்டமே தடுத்தது

அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் நாடு முழுவதும் தடை செய்தது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கரண்டி, பலூன் குச்சி, இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஆகியவையும் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளன.

உதிரி பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பதை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2023-ம் ஆண்டு அக்டோபரில் நிறுத்தின. அந்தத் தூள் சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது என்பதுதான் காரணம்.

நட்சத்திரம்

இவையெல்லாம் வருவதற்கு முன்பு நம் ஊரில் கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது?

மூங்கிலைப் பிளந்து குச்சியாக்குவார்கள். நூலால் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் தயார். மைதா மாவைக் காய்ச்சிய பசையால் வண்ணக் காகிதம் ஒட்டுவார்கள். காகிதம் கிழிந்தால் மறு வருடம் புதுக் காகிதம். கூடு மட்டும் பல வருடம் பரணில் இருக்கும்.

அப்பாவும் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இதைச் செய்துவிடலாம்.

உள்ளே போடும் பல்பில் கவனம் வேண்டும். 60 வாட் குண்டு பல்பு இரவெல்லாம் 12 மணி நேரம் எரிந்தால் 25 நாளில் 18 யூனிட் ஆகும். அதே நேரம் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிந்தால் 3 யூனிட் கூட ஆகாது. இரவு 11 மணிக்கு அணைத்துவிட்டால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். குண்டு பல்பின் சூட்டில் காகிதம் தீப்பற்றும் பயமும் இல்லை.

மரம்

பிளாஸ்டிக் மரத்தில் பெரும்பாலும் பி.வி.சி. இருக்கும். ஏற்கனவே வாங்கியவர்கள் அதை எறிய வேண்டாம். எத்தனை வருடம் பத்திரமாக வைத்துப் பயன்படுத்துகிறார்களோ அத்தனைக்கு நல்லது. எறிந்தாலும் எரிக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

புதிதாக வேண்டும் என்பவர்களுக்கு சவுக்குக் கிளை இருக்கிறது. சவுக்கு, விறகுக்கும் கம்புக்குமாகத் தோப்பில் பயிராகும் மரம். பண்டிகை முடிந்து காய்ந்தால் அடுப்புக்கு ஆகும்.

நர்சரியில் தொட்டியில் கிடைக்கும் அரக்கேரியாச் செடியும் உண்டு. லால்பாக் தோட்டத்தில் ஓங்கி நிற்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' இந்த இனம்தான். தண்ணீர் ஊற்றி வளர்த்தால் அடுத்த வருடமும் அதே செடி.

குடில்

1223-ம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் முதன்முதலில் குடில் காட்சியை அமைத்தார். அங்கே இருந்தது வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான்.

அதற்குத் தெர்மாகோல் எதற்கு? பழைய அட்டைப் பெட்டியில் கூரை, மேலே வைக்கோல் போதும்.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பார்கள். 24-ந்தேதி இரவு அது பச்சைப் பசேல் என்று நிற்கும். குடிலுக்கு முன்னால் வைத்தால் அதுவே புல்வெளி.

கேழ்வரகுக்குப் பெங்களூரில் பஞ்சமா என்ன!

பலகாரத் தட்டு

அச்சு முறுக்கும், கலகலாவும், அதிரசமும் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதான் பண்டிகை. இப்போது அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

முன்பு எவர்சில்வர் தட்டில், மேலே ஒரு துணி மூடிப் போகும். வாங்கிக்கொண்ட வீட்டார் தட்டை வெறுமனே திருப்ப மாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். டப்பா குப்பைக்குப் போகிறது. தட்டு திரும்பி வந்தது, கூடவே இரண்டு வார்த்தை பேச்சும் வந்தது.

விருந்துக்கு வாழை இலை. அது கிடைக்காவிட்டால் பாக்கு மட்டைத் தட்டு. இந்தியாவிலேயே பாக்கு அதிகம் விளையும் மாநிலம் கர்நாடகம்தான்.

பட்டாசுக்கும் அளவு உண்டு. 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பில் கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டும், அதுவும் பசுமைப் பட்டாசு மட்டும் வெடிக்கலாம் என்று கூறப்பட்டது.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"காசில்லை" என்று மட்டும் சொன்னால் பிள்ளை அழும். "மரம் கெடுதல்" என்று பாடம் நடத்தினாலும் ஏறாது.

கையில் கத்தரிக்கோலும் வண்ணக் காகிதமும் கொடுத்துப் பாருங்கள். கேழ்வரகுத் தட்டுக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பது உன் வேலை என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் முளை எட்டிப் பார்த்ததும், கடை வாசலில் பார்த்த மரம் அவள் நினைவில் கொஞ்சம் பின்னுக்குப் போய்விடும்.

24-ந்தேதி இரவு பூசைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து அவளே காட்டுவாள்.

"இந்த ஸ்டார் நானும் அப்பாவும் செஞ்சது. இந்தப் புல்லு நான் வளர்த்தது!"

ஜனவரியில் அந்த வீட்டு வாசலில் தெர்மாகோல் மூட்டை இருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பணம் பெட்டியில் அப்படியே இருக்கும்.