டைம் டேபிள் ஒட்டாத ஊர்

வகுப்பு திறந்ததும் நாம் செய்கிற முதல் வேலை என்ன? நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் டைம் டேபிளைப் பார்த்து எழுதிக்கொள்வது. எந்தப் பாடம், எந்த சார், எந்த ஹவர் என்பதெல்லாம் டிபார்ட்மெண்ட் பாடு. நம்மைப் போல மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, டைரக்ட் செகண்ட் இயரில் பி.இ. சேர்ந்து, பிறகு அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன எனக்கு முதல் அதிர்ச்சியே இதுதான். அங்கே யாரும் டைம் டேபிள் ஒட்டுவதில்லை. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்!

இதற்கு 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று பெயர். அந்த செமஸ்டரில் நடக்கும் வகுப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும். பாட எண், ஆசிரியர், நாள், நேரம், எத்தனை இடம் காலி என்று பார்த்து நாம் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். வாரத்துக்கு சுமார் 3 மணி நேர வகுப்பு. "அவ்வளவுதானா?" என்று சிரிக்காதீர்கள். ஹோம்வொர்க் ராத்திரி தூக்கத்தைத் தின்றுவிடும்.

பதிவு செய்யப் போனால் உடனே விடமாட்டார்கள். 'ஹோல்டு' என்று வரும். எம்.எம்.ஆர். தடுப்பூசிச் சான்று தராவிட்டால் ஒரு ஹோல்டு, அட்வைசரைப் பார்க்காவிட்டால் ஒன்று, பாஸ்போர்ட்டையும் விசாவையும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டாவிட்டால் இன்னொன்று. நம்ம ஊர் நோ டியூஸ் ஃபாரம் மாதிரிதான். நாம் வெளியே போகும்போது கையெழுத்து வாங்குவோம், அங்கே உள்ளே நுழையும்போதே வாங்க வேண்டும்.

இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டிப்ளமோக்காரர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

டைரக்ட் செகண்ட் இயர் சேருகிறவர்கள் பி.இ. முதல் வருடக் கணக்கைப் படிப்பதில்லை. ஐகன் வேல்யூ, வெக்டர் கால்குலஸ் எல்லாம் அந்த வருடத்தில்தான் ஆழமாக வரும். நாம் அதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் செமஸ்டரில் இறங்குகிறோம். பி.இ.யில் சமாளித்து விடலாம். நானும் சமாளித்தேன். அந்தத் தைரியத்தில் எம்.எஸ். முதல் செமஸ்டரிலேயே கன்டின்யூவம் மெக்கானிக்ஸ் எடுத்தேன். அந்தப் பாடம் முழுக்க டென்சர். டென்சருக்கு அடிப்படையே நான் விட்ட அந்தக் கணக்கு! அட்வைசர் கையில் என் பி.இ. மார்க் ஷீட் இருந்தது. அதில் இல்லாததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் டெஸ்டில் நூற்றுக்கு 31.

அன்று ராத்திரி 'டிராப்' என்ற பொத்தான் மேல் கையை வைத்துவிட்டேன். ரூமில் இருந்த மதுரைப் பக்கத்து சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "டேய், கையை எடுடா! மூணு பாடம், ஒன்பது கிரெடிட். ஒண்ணைத் தூக்கினா ஆறு. ஆறுன்னா நாளைக்கு நீ ஸ்டூடண்டே இல்லடா!"

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தே ஆக வேண்டும். இளநிலை மாணவருக்கு 12 கிரெடிட் என்று விதியே சொல்கிறது. மேல்படிப்புக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளும். பல இடங்களில் 9. ஆன்லைன் பாடம் எத்தனை எடுத்தாலும் ஒரு செமஸ்டரில் ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட்தான், இந்தக் கணக்கில் சேரும். இதற்குக் கீழே போக வேண்டுமானால் டிராப் செய்வதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். டிராப் செய்துவிட்டுப் போய் நின்றால், மாணவர் என்ற அந்தஸ்தே பறிபோகலாம்.

மறுநாள் காலை அங்கே போய் நின்றேன். உடல்நலக் குறைவு தவிர, ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம், அமெரிக்கப் பாடமுறை பழகாமை, தகுதிக்கு மீறிய நிலையில் பாடம் எடுத்தது போன்ற காரணங்களுக்கும் அனுமதி உண்டு என்றார் அந்த அம்மா. ஆனால் படிப்புக் காரணமாகக் குறைத்தால், பாதிச் சுமையாவது கையில் இருக்க வேண்டும். அதுவும் ஒரு பட்டப்படிப்புக்கு ஒரே ஒரு தடவைதான். அட்வைசரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து 6 கிரெடிட்டுக்கு இறங்கினேன். மார்க் ஷீட்டில் 'டபிள்யூ' என்று விழுந்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. நம்ம ஊர் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணன் அப்புறம்தான் ஒரு விஷயம் சொன்னார். செமஸ்டர் தொடங்கி முதல் ஒன்றிரண்டு வாரம் 'ஆட்-டிராப்' காலம். அதற்குள் பாடத்தை மாற்றினால் மார்க் ஷீட்டில் தடயமே இருக்காது, பணமும் போகாது. அதனால் விவரமானவர்கள் நான்கு பாடம் பதிவு செய்து, முதல் வாரம் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்து, கெடு தேதிக்குள் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். "இதை முதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?" என்றேன். "நீ கேட்டியாடா?" என்றார். நியாயம்தான்.

அடுத்த செமஸ்டரில் அப்ளைடு மேத்தமடிக்ஸ் எடுத்தேன். அட்வைசரிடம் டிப்ளமோ மார்க் ஷீட்டையும் கொண்டு போய்க் காட்டி, எந்தக் கணக்கு படித்தேன், எது படிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். மறு வருடம் அதே கன்டின்யூவம் மெக்கானிக்ஸ், அதே புரொபசர். பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை முதல் டெஸ்டில் 78.