உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் ஓடும் விண்டோஸ் விளையாட்டுகள்

விண்டோஸுக்கென்றே இயற்றப்பட்ட ஒரு விளையாட்டு, லினக்ஸ் கணினியில் ஆரம்பமாகும் அந்தக் க்ஷணத்திலேயே தனக்குப் பழக்கமான ‘சி’ டிரைவைத் தேடுகிறது. லினக்ஸிலோ அப்படியொரு டிரைவே கிடையாது. ஆயினும் ‘வைன்’ என்னும் மென்பொருள், ‘டிரைவ்_சி’ என்று பெயரிட்ட சாதாரணக் கோப்புறை ஒன்றையே அதுவாகக் காட்டிவிட, விளையாட்டும் யாதொரு சந்தேகமுமின்றி அதற்குள் குடியேறிவிடுகிறது. 1993-இல் தொடங்கி, 15 ஆண்டுகள் கழித்தே 1.0 என்ற பதிப்பை எய்திய இந்த வைன், விண்டோஸ் அல்ல, அதன் போலியும் அல்ல. விளையாட்டின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் லினக்ஸுக்கு விளங்கும் பாஷையில் உடனுக்குடன் எடுத்துரைக்கும் துபாஷி என்பதே பொருத்தம். எத்தனை பேருடைய பொறுமை அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அடங்கியிருக்கிறது!

இந்த வைனை ஆதாரமாகக் கொண்டே ‘வால்வ்’ என்னும் விளையாட்டு நிறுவனம் 2018 ஆகஸ்டில் ‘புரோட்டான்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. அதனுள், டைரக்ட்3டி என்னும் சித்திரக் கட்டளைகளை லினக்ஸுக்கு விளங்கும் ‘வல்கன்’ கட்டளைகளாக மாற்றித் தரும் ‘டிஎக்ஸ்விகே’ என்ற பகுதியோ, ‘நியர்: ஆட்டமேட்டா’ விளையாட்டை லினக்ஸில் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரு தனிமனிதரின் ஆவலில் பிறந்தது என்பது நெஞ்சைத் தொடும் விஷயம். 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த வால்வின் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கருவி இயங்குவதும் லினக்ஸில்தான்; அதில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவதும் இந்தப் புரோட்டானே.

ஆனால், ஏமாற்று வேலையைத் தடுப்பதற்காக விண்டோஸின் ‘கர்னல்’ என்னும் உட்கருவுக்குள்ளேயே காவல் வைக்கும் ‘வேலரன்ட்’ போன்ற போட்டி விளையாட்டுகளின் முன் இந்தத் துபாஷியின் சாமர்த்தியம் செல்லுபடியாவதில்லை.