ஊதியமும் சர்வகலாசாலைகளின் உயர்வும்

ஒரு சர்வகலாசாலையின் பெருமை அதன் மாடங்களிலன்று, அதன்கண் அமர்ந்து கற்பிக்கும் அறிஞரிடத்தேயே உளது என்பதை யாவரும் ஒப்புவர். அவ்வறிஞரை ஈர்ப்பதும் நிலைபெறச் செய்வதும் அவர்க்கு அளிக்கப்பெறும் ஊதியமும் சன்மானமுமாம். பொதுப்பணத்தால் நடைபெறும் சர்வகலாசாலைகள் ஒன்றோடொன்று போட்டியிடும் இந்நாளில், இம்முறைகள் அவற்றை உயர்த்துமோ தாழ்த்துமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி புதியதன்று. ஸ்காட்லாந்து தேசத்துப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித், ஆக்ஸ்போர்டில் பயின்று, 1751 முதல் 1764 வரை கிளாஸ்கோவில் ஆசிரியராயிருந்தவர். உழைப்பினும் உழையாவிடினும் குறையாத வருவாய் பெற்ற ஆக்ஸ்போர்டு ஆசிரியருட் பெரும்பாலார் கற்பித்தலையே கைவிட்டனரென்று அவர் 1776இல் வெளியிட்ட நூலிற் குறைகூறினார். கிளாஸ்கோவிலோ மாணாக்கர் செலுத்தும் கட்டணமும் ஆசிரியர் வருவாயில் ஒரு பகுதியாயிற்று. ஆயினும், கட்டணமே முழு ஊதியமாயின், சிலரே விரும்பிக் கற்கும் அருங்கலைகளைப் போதிப்போர் வறுமையுறுவர். 1810இல் தோன்றிய பெர்லின் சர்வகலாசாலை முதலிய ஜெர்மானியக் கல்விநிலையங்கள் பேராசிரியர்க்கு அரசாங்கச் சம்பளத்தையும் மாணாக்கர் கட்டணத்தையும் சேர்த்தளித்தன. சிறந்தோரைத் தத்தம்பால் அழைத்துக்கொள்ள அவை ஒன்றோடொன்று போட்டியிட்டன. அவற்றின் புகழ் கேட்டு அமெரிக்க மாணாக்கரும் கடல்கடந்து சென்றனர்.

இனி நம் நாட்டைக் காண்போம். 2010இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியரின் பணிகளுக்கு மதிப்பெண் வகுத்து, பதவி உயர்வை அதனோடு பிணைத்தது. நோக்கம் நன்றே, விளைவோ வேறாயிற்று. கட்டுரைகளை எண்ணுவது எளிது, எடைபோடுவது அரிது. ஆகவே எண்ணிக்கையை நிரப்புவான் வேண்டிக் கட்டணம் வாங்கி எதனையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் பெருகின. 2018இல் மானியக் குழு, தான் ஏற்றிருந்த பட்டியலினின்றும் 4,305 சஞ்சிகைகளை நீக்க நேர்ந்தது. சீனாவிலும் கட்டுரைதோறும் ரொக்கப் பரிசளிக்கும் வழக்கம் பரவிற்று. 2020இல் அரசாங்கமே அதனை நிறுத்துமாறு பணித்தது.

பிரிட்டனில் 1986 முதல் நடைபெறும் மதிப்பீட்டு முறை வேறு வகையினது. அதன்கண் துறையறிந்த சான்றோர் ஆராய்ச்சியைப் படித்துத் தரம் வகுக்கின்றனர். அத்தரத்திற்கேற்ற பொருளுதவி தனியொருவர்க்கன்றிச் சர்வகலாசாலைக்கே சேர்கின்றது. 2014இல் ஒருவர்க்கு நான்கு படைப்புகளுக்கு மேல் கொள்ளப்படவில்லையாதலின், பல எழுதுவதினும் நல்லன எழுதுவதே பயன் தந்தது. இம்முறைக்கும் பொருட்செலவும் காலச்செலவும் மிகுதி என்பதை மறைத்தற்கில்லை.

பரிசினும் முற்பட வேண்டுவது நீதி. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் திங்களுக்கு 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளர்க்கோ, 2019இல் மானியக் குழு வகுத்த உச்ச வரம்பு, படிகள் யாவும் அடங்க 50,000 ரூபாயே. பலர் அதனினும் மிகக் குறைவாகவே பெறுகின்றனர். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் போதிப்போரிடையே இத்துணை வேற்றுமை இருப்பின், அடுத்த ஆண்டு வேலை உண்டோ இன்றோ என்று கலங்குவோர் ஆராய்ச்சியில் மனம் ஊன்றுவது எங்ஙனம்?

ஆதலின், கவலையற்று வாழத் தக்க சம்பளமும், நிலையான பதவியும், எண்ணாது எடைபோடும் மதிப்பீடும் முதற்கண் வேண்டும். பரிசு அவற்றின் மேல் வைக்கத்தக்கது. 1764இல் ஆண்டின் நடுவே கிளாஸ்கோவை விட்டு நீங்கிய ஸ்மித், மாணாக்கர் மறுக்கவும் அவர்தம் கட்டணத்தை வற்புறுத்தித் திருப்பியளித்தனர் என்பர். எப்பரிசும் விலைக்கு வாங்கவியலாத அம்மனச்சான்றைக் கெடுக்காத முறையே சர்வகலாசாலைக்கு உயர்வளிக்கும் முறையென்க.