அன்பினால் கட்டிலில் கிடத்தாதீர்கள்

நம் குடும்பங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அன்றோடு வீட்டின் ஒழுங்கே மாறிவிடுகிறது. உம்மாவின் கையிலிருந்த அகப்பையை மகள் வாங்கிக்கொள்கிறாள். கடைக்குப் போய் வந்துகொண்டிருந்த வாப்பாவை மகன் தடுத்துவிடுகிறான். "நீங்க பேசாம படுங்க, நாங்க பாத்துக்கொள்றோம்" என்பதே எல்லோருடைய வார்த்தையாகிறது. நோய் விசாரிக்க வருகிறவர்களும் "உடம்ப அலட்டிக்கொள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டே எழுந்து போகிறார்கள்.

இவையெல்லாம் பாசத்தினால் செய்யப்படுபவைதாம். ஆனால் அந்தப் பாசமே நோயாளியிடம் எஞ்சியிருக்கும் பலத்தையும் பறித்துவிடக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

சற்று யோசித்துப் பாருங்கள். நல்ல சுகதேகியான ஒருவரே பல நாட்கள் படுக்கையில் கிடந்தால் அவருடைய கால்கள் மெலிந்துவிடுகின்றன. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. அப்படியானால் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றுக் களைத்திருப்பவரின் நிலை என்னவாகும்? புற்றுநோயாளியின் களைப்பு, நாம் வேலை செய்து களைப்பது போன்றதல்ல. அது தூங்கினால் தீராது. களைப்பினால் படுக்கிறார், படுப்பதனால் தசைகள் மெலிகின்றன, தசைகள் மெலிந்ததனால் சிறிய வேலைக்கும் மூச்சு வாங்குகிறது, அதனால் மீண்டும் படுக்கிறார். இந்த வட்டத்தை உடைப்பதற்கு வைத்திய உலகம் இன்று சிபாரிசு செய்யும் வழிகளில் முதன்மையான ஒன்று தேகப் பயிற்சியாகும்.

முன்னைய காலத்தில் வைத்தியர்களும் ஓய்வெடுக்கும்படியே கூறினர். இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. பல நாட்டு நிபுணர்கள் 2018 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூடி, அதுவரை நடந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, 2019 இல் தமது வழிகாட்டலை வெளியிட்டார்கள். வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு நாளைக்குக் குறைந்தது 30 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்தால் களைப்பு, மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியன குறைகின்றன. உடலின் இயக்கமும் சீராகிறது என்று அதில் கூறினார்கள். வாரத்தில் இரு நாட்கள் தசைகளுக்குப் பலமூட்டும் பயிற்சியும் நல்லது என்றார்கள். மிதமான நடை என்பது எது? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பைத் படிக்க மூச்சு இடங்கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

களைப்பு நீங்குவது மட்டும்தானா பயன்? 2025 ஜூன் மாதத்தில் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்விக்கு விடை தந்தது. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில், பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்று முடித்த 889 பேரை இரு பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சுகாதார அறிவுரைப் புத்தகங்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மூன்று வருடங்கள் ஒரு பயிற்சியாளரின் வழிகாட்டலில் பயிற்சி அளித்தார்கள். வாரத்தில் மூன்று, நான்கு தடவைகள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடந்தாலே அந்தப் பயிற்சியின் அளவு நிறைவேறிவிடும். ஐந்து வருடங்களின் பின் பயிற்சி செய்தவர்களில் 80.3 வீதமானோர் நோய் திரும்பாமல் இருந்தனர். மற்றப் பிரிவில் 73.9 வீதமானோரே. எட்டு வருடங்களின் பின் உயிருடன் இருந்தோர் முறையே 90.3 வீதமும் 83.2 வீதமும் ஆவர். அதாவது நூறு பேரில் ஏழு பேர் அதிகம். ஏழு குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

இங்கு ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இவர்கள் அனைவரும் முறையான சிகிச்சை பெற்றவர்கள். சிகிச்சையை விட்டுவிட்டு நடந்தால் போதும் என்று யாரும் கூறவில்லை. இந்த முடிவு பெருங்குடற் புற்றுநோயைப் பற்றியது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கைப் பொருத்திவிடவும் முடியாது. பயிற்சி செய்தவர்களில் தசை, மூட்டு உபாதைகள் சற்று அதிகமாகக் காணப்பட்டன என்பதும் உண்மை.

சகோதரிகளே! நம் நாட்டுப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அக்குளில் சத்திரசிகிச்சை செய்தபின் கை வீங்கிவிடும் என்று பயந்து, அந்தக் கையால் ஒரு கோப்பையைக்கூடத் தூக்காமல் இருப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2009 இல் வெளியானது. கைக்கு இறுக்க உறை அணிந்து, மேற்பார்வையின் கீழ், மிகச் சிறிய பாரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. மாறாக, வீக்கம் திடீரென மோசமாவது அவர்களிடம் குறைந்தே காணப்பட்டது.

எப்படித் தொடங்குவது? நின்று தொழ இயலாதவர் இருந்து தொழுகிறார். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழுகிறார். இயன்ற அளவைச் செய்கிறாரேயன்றி விட்டுவிடுவதில்லை. பயிற்சியையும் இப்படியே கொள்ளுங்கள். முதலில் விறாந்தையில் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை நடக்கட்டும். வெயில் தணிந்த நேரம் நல்லது. சில நாட்களுக்கு ஒரு முறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டுங்கள். கதிரையில் இருந்து எழுந்து மீண்டும் இருப்பதைப் பத்துத் தடவை செய்தால் அது தொடைக்குப் பயிற்சி. தண்ணீர் நிரப்பிய சிறிய போத்தல் கைக்குப் பாரம். வீதியில் நடக்கக் கூச்சப்படும் பெண்கள் வீட்டு வளவிலேயே நடக்கலாம். மருந்து ஏற்றிய பின்வரும் சில நாட்கள் கடினமானவை. அந்நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள், பின்னர் மீண்டும் தொடருங்கள்.

தொடங்குமுன் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்பது அவசியம். நோய் எலும்பில் பரவியிருந்தால், இரத்தம் மிகக் குறைந்திருந்தால், குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்திருந்தால், இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றிருந்தால், பாதம் விறைத்திருந்தால் எந்தப் பயிற்சி ஏற்றது என்பதை அவரே சொல்ல வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ வழமைக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளே! உம்மா கேட்டால் அந்த அகப்பையைத் திருப்பிக் கொடுங்கள், இயன்றதைச் சமைக்கட்டும். வாப்பா கடைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். கூடவே நடந்து போங்கள். நோயாளிக்குப் படுக்கை விரித்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தினமும் வளவைச் சுற்றி வருவதற்குத்தான் பொறுமை வேண்டும். இன்று அஸருக்குப் பின் அதைத் தொடங்குங்கள்.