காவலூரில் கண்ட வளையம்

இருண்ட இரவும் தெளிந்த வானமும் வாய்த்தாலன்றி விண்மீன்களை நுணுகி ஆராய்தல் அரிது. நகரங்களின் விளக்கொளி இவ்வாராய்ச்சிக்குப் பெருந்தடையாகும். அத்தடையில்லாத இடத்தைத் தென்னாட்டில் தேடினார் வானியல் அறிஞர் வைணு பாப்பு. ஜமுனாமரத்தூரைத் தன்பாற் கொண்ட ஜவ்வாது மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரை அவர் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 725 மீட்டர் உயரமுள்ள அவ்விடம் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. ஆதலின் தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம்.

கொடைக்கானல் பட்டறையில் உருவாக்கிய 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968இல் அங்குப் பணி தொடங்கிற்று. 1972இல் ஜெர்மனி நாட்டு ஜேனா நகரிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. ஐந்தாண்டுகளுக்குள் அதன் பெருமையை உலகம் அறிந்தது.

எரியும் விளக்கின் குறுக்கே ஒருவர் நடந்தால் ஒளி மறைந்து மீள்கிறதன்றோ? அவ்வாறே கோள் ஒன்று விண்மீனின் குறுக்கே செல்லும்பொழுது, அம்மீனின் ஒளி குன்றும் வகையை அளந்து, கோளின் இயல்பை அறியலாம். 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் துலாம் விண்மீன் குழுவிலுள்ள மங்கலான மீன் ஒன்றை நெருங்கியது. காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதனை அளந்துகொண்டிருந்தனர். கோள் மறைப்பதற்கென்று குறித்த நேரம் வருமுன்னரே, அம்மீனின் ஒளி சில நொடிகள் குன்றிப் பின் மீண்டது!

முகிலின் செயலோ, கருவியின் பிழையோ என அவர்கள் அதனைத் தள்ளிவிடவில்லை. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டதெனக் கருதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மீது விமானத்தில் பறந்தவாறு ஆராய்ந்த அமெரிக்க அறிஞரும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர அறிஞரும் இத்தகைய ஒளிக்குறைவைக் கண்டனர். கோளின் இருபுறத்தும் ஒத்த தொலைவில் ஒளி பன்முறை குன்றியதை விமானத்தில் சென்றோர் பதிந்திருந்தனர். தனித்த துணைக்கோளால் இது நிகழாது. கோளைச் சூழ்ந்த வளையங்களே காரணம் என்பது புலனாயிற்று. அதுவரை சனிக்கோள் ஒன்றற்கே வளையங்கள் உண்டென உலகம் எண்ணியிருந்தது.

1986 சனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அவ்வளையங்களை அருகிலிருந்து படம்பிடித்தது. அதே திங்களில் காவலூரில் நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. அவரோ 1982இலேயே மறைந்துவிட்டார்.

ஓரிடத்தார் கண்டது ஐயத்திற்குரியதாகலாம். பலர் கண்டதை ஒப்பிட்டு நோக்கும்போது உண்மை விளங்கும். வானம் எல்லா நாட்டார்க்கும் பொது; அதனை அறியும் முயற்சியும் பொதுவே.