கிக்ஃப்ளிப்: காலும் தரையும்

சறுக்குப்பலகை, சக்கரப்பலகை என்றெல்லாம் தமிழ்ப்படுத்தலாம். புழக்கத்தில் அது 'போர்டு'தான். அதன்மேல் நின்றபடி எம்பி, பலகையை நீளவாக்கில் ஒரு முழுச்சுற்று புரளவிட்டு, மறுபடி அதன்மேலேயே இறங்குவது கிக்ஃப்ளிப். பெயரில் உதை இருக்கிறது, செயலில் இல்லை.

கில்லி ஆடியவர்களுக்கு முதல் பாதியை விளக்க வேண்டியதில்லை. சீவிய முனையில் தட்டினால் கில்லி தானே எழும்புகிறதல்லவா, அதேதான். பலகையின் வால் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்காலால் அதைத் தரையில் அடிக்க, முன்பக்கம் தூக்குகிறது. முன்காலின் வெளிப்பக்கம் பலகையை உரசிக்கொண்டே மேலேறினால் வாலும் கூடவே எழும்பும். இதுவரைக்கும் 'ஆலி'. ஏறுகிற அந்தக் காலை, முன்முனைக்குக் கொஞ்சம் முன்பாக, குதிகால் பக்கத்து விளிம்பு வழியே வெளியே சுண்டிவிட வேண்டும். கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலின் வேலையைக் கணுக்கால் செய்கிறது. பிறகு முழங்காலை மடக்கி மேலேயே காத்திருந்து, சொரசொரப்பான பக்கம் திரும்பி வந்ததும் இரண்டு காலாலும் அமுக்கி இறங்கணும்.

சிக்கல் இங்கேதான். பழகுகிறவர்களில் பலருக்குப் பலகை ஒழுங்காகவே புரளும். ஒரு கால் அதன்மேல் இறங்கும். மற்றது தரையில் ஊன்றிவிடும். மாதக்கணக்கில் இப்படியே. 'பயம் போகணும்டா' என்பார்கள் கூட்டாளிகள்.

பயத்தைத் தனிமனிதக் குறையாக்கும் இந்தச் சொல்லாடல் தரையை மறைத்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் ராட்னி முல்லன் உருவாக்கிய வித்தை இது. வழவழப்பான சிமெண்டுத் தளமும் காலில் ஷூவும் அதில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கின்றன. பலகைமேல் ஒட்டியிருப்பது உப்புத்தாள் மாதிரியான ஒன்று. சுண்டச் சுண்ட ஷூவின் சுண்டுவிரல் பக்கம் முதலில் ஓட்டையாகும். இங்கிருந்து வடக்கே, மாமல்லபுரத்துச் சிறுமியைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. அவள் வெறுங்காலோடு பலகையேறும் படங்கள் உலகம் சுற்றின. பார்த்தவர்கள் வெறுங்காலை வியந்தார்கள். சரிவில் இறங்க வெறுங்கால் போதும். கிக்ஃப்ளிப்பை நாள் முழுக்கப் பழகினால் தோல் உரிந்துவிடும். அந்த வியப்பில் ஷூவின் விலை காணாமல் போகிறது.

தரைக்கு வருவோம். சக்கரத்தின் விட்டம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் சக்கரம் நின்றுவிடும்; ஆள் நிற்க மாட்டார். புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, குடித்தனத் தெருக்களில், சாக்கடை மூடியும் ஒட்டுப்போட்ட தாரும் வாசலில் நிறுத்திய பைக்குகளும். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகள் வராது, உண்மைதான். ஆனால் நடக்க வருகிற கூட்டத்துக்கு நடுவே தவறிய பலகை யாருடைய கணுக்காலில் போய் முட்டும்? ஆக, விழுவதற்கு இடம் வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அதைத்தான் 'தைரியம்' என்கிறோமோ என்னவோ.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தேர்ந்தவர்களும் புதியவர்களுக்கு இதையே சொல்கிறார்கள். போர்டைப் புல்தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சக்கரம் உருளாது, விழுந்தாலும் பெரிசாக அடிபடாது. சாலையில் ஒரு காலை எடுத்துக்கொண்ட அதே பையன் அங்கே இரண்டையும் வைக்கிறான்.