அடிவாங்கிக் கற்கும் ஆட்டம்

அதிரடி வீடியோ கேம் என்றாலே பட்டனைப் படபடவென்று தட்டினால் போதும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019 மார்ச்சில் வெளியிட்ட 'செகிரோ' அதைத் தவிடுபொடியாக்கியது. ஹிதேதாகா மியாசாகி இயக்கிய இந்த ஆட்டத்தின் நாயகன், இடக்கையை இழந்த ஒரு நிஞ்சா. எதிரியின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதைவிட அவனை நிலைகுலையச் செய்வதே இங்கே சூட்சுமம். வாள் நம்மேல் விழும் அதே நொடியில் தடுப்புப் பட்டனை அழுத்தினால், 'டங்' என்று தீப்பொறி பறக்கும். அவனது தடுமாற்றத்தைக் காட்டும் கோடு நீளும். அது நிறைந்தால் ஒரே குத்தில் முடித்துவிடலாம். பயந்து பின்வாங்கினாலோ கோடு மெல்ல வடிந்துவிடும். கோட்டை உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் பத்து முறை செத்தவர், பதினோராவது முறை அவன் வாள்வீச்சின் தாளத்தைக் காதாலேயே பிடித்துவிடுவார். நாயகனிடம் எதுவும் மாறவில்லை; ஆடுபவரின் கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எளிய நிலையைத் தேர்ந்தெடுக்க இதில் வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் முடிவைப் பார்க்க முடியாமல் போவது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு பதில் உண்டு: எளிய நிலை வைத்து அடியின் வலியைப் பாதியாக்கினால் தடுக்கக் கற்காமலே தாண்டிவிடலாம். ஆட்டத்தின் உயிர்நாடி போய்விடும். ஆனால் விரல்கள் சரியாக இயங்காதவருக்கு இந்தப் பதில் போதாது. 2022இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னரோக்' ஆட்டம் அப்படிப்பட்டவர்களும் ஆட உதவும் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளைத் தந்தது. தடுப்பதற்கான நேரத்தை வேண்டியவருக்குச் சற்று நீட்டிக் கொடுத்திருந்தால் செகிரோவின் தாளம் ஒன்றும் குலைந்திருக்காது. அதைத் தராதது பெரிய குறைதான்.